உடம்பின் இரண்டு காவல்கள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளினிக் நாளில் வரிசையில் நிற்கும்போதும், பாடசாலைக் கூட்டங்களிலும், லயத்து வாசலிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறோம். லேசானவை முதலில், சிக்கலானவை பின்னால். பாடப்புத்தகத்தில் ‘நிர்ப்பீடனம்’ என்று வருவதைத்தான் ஊரில் ‘எதிர்ப்புச் சக்தி’ என்கிறோம்.

எதிர்ப்புச் சக்தி, எதிர்ப்புச் சக்திங்கறாங்களே, அது உடம்புல எந்த இடத்துல இருக்கு?

ஓர் இடத்தில் இல்லை. தோல், மூக்குச் சளி, கண்ணீர், இரைப்பை அமிலம் எல்லாம் அதில் சேர்த்தி. கிருமியோடு போராடும் வெண்குழியங்கள் எலும்பு மச்சையில் பிறக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகிறது. மண்ணீரலிலும், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் இருக்கும் நிணநீர்க் கணுக்களிலும் அவை கூடி வேலை செய்கின்றன.

‘சக்தி’ என்ற சொல்லால் ஒரு குழப்பம் வருகிறது. தாங்கியில் தண்ணீர் ஏறி இறங்குவதுபோல அது கூடும், குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு அடுக்குக் காவல். பிறக்கும்போதே தயாராக இருப்பது ஒன்று. கிருமியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வது மற்றது. இங்கே அவற்றைப் பிறவிக் காவல், கற்ற காவல் என்று சொல்வோம்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் கிருமியைத் தானே கொல்லுது?

முதல் வித்தியாசம் நேரம். பிறவிக் காவல் சில நிமிடங்களிலிருந்து சில மணித்தியாலங்களுக்குள் இறங்கிவிடும். கற்ற காவல் ஒரு கிருமியை முதன்முறை சந்திக்கும்போது ஆயத்தமாக 5 நாள் முதல் 2 கிழமை வரை எடுக்கும். அதே கிருமி அடுத்த முறை வந்தால் ஓரிரு நாளில் எழுந்துவிடும்.

இரண்டாவது வித்தியாசம் அடையாளம் காணும் விதம். பக்டீரியாக்களின் சுவர்ப் பொருள், வைரசின் மரபுப்பொருள் போன்ற பொதுவான அறிகுறிகளைத்தான் பிறவிக் காவல் பார்க்கும். ‘இது நம்ம ஆள் இல்லை’ என்ற அளவில் அதன் அறிவு நிற்கும். கற்ற காவல் இன்ன கிருமியின் இன்ன துண்டு என்று துல்லியமாகப் பிடிக்கும், நினைவிலும் வைத்துக்கொள்ளும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த நாள் கணக்கில்தான் தங்கியிருக்கின்றன.

கவ்வாத்துக் கத்தி கையில வெட்டிட்டா உள்ளுக்குள்ள என்ன நடக்கும்?

முதலில் குருதிச் சிறுதட்டுகள் கூடி ஓட்டையை அடைக்கும். அதே நேரத்தில், தோலுக்கடியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பெருந்தின்குழியங்கள் உள்ளே புகுந்த பக்டீரியாவை உணர்ந்து இரசாயனத் தூதுகளை வெளிவிடும். பக்கத்துக் குருதிக்குழாய்கள் விரிந்து சற்றே கசியத் தொடங்கும். இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இதுதான் அழற்சி. சில மணித்தியாலங்களில் நியூட்ரோபில் என்ற வெண்குழியங்கள் குருதிக்குழாய்ச் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்து பக்டீரியாவை விழுங்கும். ஒரு வளர்ந்தவரின் எலும்பு மச்சை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகிறது. அவை நெடுநாள் வாழ்வதில்லை. செத்த நியூட்ரோபிலும் செத்த பக்டீரியாவும் கரைந்த தசையும் சேர்ந்ததுதான் சீழ். குருதியில் மிதக்கும் கொம்பிளிமென்ட் என்ற புரதங்கள் பக்டீரியாமேல் ஒட்டி அதை விழுங்க வசதியாக்கும். சிலவற்றின் சுவரில் துளையும் போடும்.

செய்ய வேண்டியது: ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பது. கோப்பித்தூள், தேயிலைத்தூள், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். தூள் துணிக்கைகளுக்குள் பக்டீரியா ஒளிந்துகொள்ளும். காற்றுப் புகாத ஆழமான வெட்டில் ஏற்புவலி (டெட்டனஸ்) கிருமி வளரும். மண்ணும் மாட்டெருவும் பட்ட வெட்டு என்றால், கடைசியாக ஏற்புவலி ஊசி எப்போது போட்டது என்பதை டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். சிவப்பு பரவினாலோ, காயத்திலிருந்து கைமேல் சிவந்த கோடு ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ கிருமி முதல் காவலைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

கால்ல புண் வந்தா தொடையிடுக்குல நெறி கட்டுதே, விஷம் மேல ஏறிடுச்சா?

நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணு. அதைத் தோட்டத்துப் பிரட்டுக்களம் (காலையில் ஆட்கள் கூடி வேலை பிரிக்கும் இடம்) என்று நினைத்துக்கொள்ளுங்கள். புண் இருந்த இடத்திலிருந்து, டென்ட்ரிட்டிக் கலம் என்ற காவற்கலம் கிருமியின் துண்டைச் சுமந்துகொண்டு நிணநீர் வழியே அந்தக் களத்துக்கு வரும். அங்கே டி கலங்கள், பி கலங்கள் என்ற வெண்குழியங்கள் இலட்சக்கணக்கில் வந்து போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரேயொரு வகைத் துண்டைத்தான் அடையாளம் காணும். இலட்சத்தில் ஒன்று, பத்து இலட்சத்தில் ஒன்று பொருந்தும். பொருந்திய கலம் பிரிந்து பிரிந்து சில நாளில் ஆயிரக்கணக்கில் பெருகும். அந்தப் பெருக்கத்தால்தான் கணு வீங்குகிறது. கற்ற காவல் 5 நாளுக்கு மேல் எடுப்பதற்கும் இந்தத் தேடலும் பெருக்கமும்தான் காரணம்.

இப்படிப் பெருகிய பி கலங்கள் பிறபொருளெதிரி என்ற புரதத்தைக் குருதியில் கொட்டும். டி கலங்களில் ஒரு பிரிவு மற்றக் கலங்களை ஏவிவிடும். இன்னொரு பிரிவு வைரசு புகுந்த நம் கலங்களையே தேடிக் கொல்லும். பிறபொருளெதிரி கலத்துக்குள் நுழைய முடியாது என்பதால் இரண்டும் தேவை.

புண் ஆறியதும் நெறி கொஞ்சம் கொஞ்சமாக வடியும். ஆனால் கழுத்திலோ அக்குளிலோ காரணம் தெரியாத நெறி 2, 3 கிழமை கழிந்தும் வடியாமல் இருந்தால் காட்டவேண்டும். கூடவே மாலைக் காய்ச்சல், மெலிவு, இருமல் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. காசநோய் கழுத்து நெறியாகவும் வரும்.

காய்ச்சலை உடனே இறக்கணுமா? காய்ச்சல் நல்லதுன்னும் சொல்றாங்களே.

காய்ச்சலை உண்டாக்குவது உடம்புதான். பெருந்தின்குழியங்கள் அனுப்பும் தூது மூளையில் வெப்பத்தைச் சரிபார்க்கும் இடத்துக்குப் போய் அளவை ஏற்றிவைக்கிறது. சற்றே கூடிய சூட்டில் பல கிருமிகள் மெதுவாகப் பெருகும், வெண்குழியங்கள் சுறுசுறுப்பாகும். ஆகவே பிள்ளை தண்ணீர் குடித்து, விளையாடி, சாதாரணமாக இருந்தால் அளவுமானியின் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். சோர்வும் வலியும் இருந்தால் பரசிட்டமோல் கொடுங்கள்: நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம். சிரப்பாக இருந்தால் 5 மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று போத்தலில் பார்த்துக் கணக்கிடுங்கள்.

அஸ்பிரினும் இபுபுரொஃபெனும் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்கை அவை கூட்டும். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அந்த வயதில் கற்ற காவல் ஏறக்குறைய வெறுமை. நேரே வைத்தியசாலை.

மழையில நனைஞ்சா தடிமன் வருது. அப்போ கிருமிக்கு என்ன வேலை?

கிருமி இல்லாமல் தடிமன் வராது. ஆனால் குளிருக்குப் பங்கே இல்லை என்று சொல்வதும் தவறு. தடிமனுக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோ வைரசு, உடம்பின் 37 பாகையைவிட மூக்கின் 33 பாகை அளவில் நன்றாகப் பெருகும். குளிர்ந்த மூக்கில் பிறவிக் காவலின் வைரசு எதிர்ப்புச் சுறுசுறுப்பும் குறையும்.

மலையகத்தில் அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு. மழை நாளில் லயத்து அறையின் கதவும் சன்னலும் சாத்தப்பட்டு, ஆறேழு பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். அதே அறையோடு ஒட்டிய அடுப்பில் ஈர விறகு புகைகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர்கள் சளியை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். கிருமியும் தூசியும் அதோடு வெளியே போகும். புகை அந்த மயிர்களை மந்தமாக்கிவிடும். அடுப்புக்கு மேல் புகைபோக்கி வைப்பதும், சமைக்கும்போது கைக்குழந்தையை அங்கிருந்து அகற்றுவதும் எந்த டொனிக்கையும்விடப் பலன் தரும்.

பிள்ளைக்காம்பராவுல விட்ட நாள்ல இருந்து மாசம் தவறாம தடிமன், சளி. பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையா?

சிறு பிள்ளைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை தடிமன் வருவது சாதாரணம். பல பிள்ளைகள் கூடும் இடத்துக்குப் போகும் பிள்ளைக்கு 10, 12 தடவைகூட வரலாம். ரைனோ வைரசில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றைக் கற்றால் அடுத்ததற்கு அது போதாது. அந்தப் பிள்ளையின் கற்ற காவல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

கவலைப்பட வேண்டியது வேறு: ஒரே வருடத்தில் இரண்டு தடவை நியூமோனியா, ஆழமான சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, வாயில் வெண்படலம் மாறாமல் இருப்பது, நிறை ஏறாமல் நிற்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் பிள்ளையின் வளர்ச்சி அட்டையோடு டொக்டரிடம் போங்கள்.

தாய்ப்பாலிலேயே எதிர்ப்புச் சக்தி இருக்குன்னா ஊசி எதுக்கு மிஸ்ஸி?

தாயிடமிருந்து இரண்டு வழியில் பிறபொருளெதிரி கிடைக்கிறது. ஐஜிஜி என்ற வகை, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தொப்புள்கொடி வழியே குழந்தையின் குருதிக்குப் போகும். ஐஜிஏ என்ற வகை பாலில், அதிலும் முதல் நாட்களின் மஞ்சள் நிறச் சீம்பாலில் நிறைய இருக்கும். அது குடற்சுவரில் படர்ந்து வயிற்றோட்டக் கிருமிகளை ஒட்டவிடாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது பெரிய இழப்பு.

இரண்டுமே இரவல். குழந்தையின் உடம்பு அதைத் தானாகச் செய்யக் கற்கவில்லை. தாயின் ஐஜிஜி பிறந்த நாளிலிருந்தே கரைந்து, 6 முதல் 9 மாதத்துக்குள் ஏறக்குறைய தீர்ந்துவிடும். சின்னமுத்துக்கான (தட்டம்மை) எம்எம்ஆர் ஊசியை 9 மாதத்தில் போடுவதும் இதனால்தான். முன்னதாகப் போட்டால் மிஞ்சியிருக்கும் தாயின் பிறபொருளெதிரி, ஊசியிலுள்ள பலவீனமான வைரசை அழித்துவிடும். பிள்ளை கற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பிந்தினால் இரவலும் போய்ச் சொந்தமும் இல்லாத இடைவெளி விழும்.

ஒரே ஊசியை 2, 4, 6 மாசம்னு ஏன் மூணு தரம் போடணும்? ஒரே தரமா கூடப் போட்டா என்ன?

ஐந்து நோய்க்கான பென்டாவலன்ட் ஊசியில் தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா), குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி, ஹெபடைட்டிஸ் பி, ஹிப் என்ற பக்டீரியா ஆகியவற்றின் துண்டுகள் இருக்கின்றன. முதல் ஊசிக்கு உடம்பு கொஞ்சம் பிறபொருளெதிரி செய்யும். அது விரைவில் இறங்கும். நிணநீர்க் கணுவில் மிஞ்சிய பி கலங்கள் அடுத்த கிழமைகளில் தங்கள் பிறபொருளெதிரியைத் திரும்பத் திரும்பத் திருத்தி, இன்னும் இறுக்கமாக ஒட்டக்கூடியதைத் தெரிவு செய்யும். அந்தத் திருத்தத்துக்குக் காலம் வேண்டும். இடைவெளி விட்டு இரண்டாம் ஊசி வரும்போது, தேர்ந்த கலங்கள் வேகமாகப் பெருகும். அளவைக் கூட்டி ஒரே நாளில் போட்டால் இந்தக் காலத்தை வாங்க முடியாது. 18 மாதத்திலும் 5 வயதிலும் வரும் ஊசிகள் அந்த நினைவைப் புதுப்பிப்பவை.

ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நினைவுக் கலங்கள் காத்திருக்கும். ஆனால் தவணை முடியும்வரை பிள்ளைக்குக் குக்கல் வரும் ஆபத்து இருக்கிறது. அதனால் அடுத்த கிளினிக் நாளுக்கே போய்விடுங்கள்.

பிசிஜி போட்ட இடம் பழுத்துப் புண்ணாச்சு. ஊசியில கோளாறா?

இல்லை. காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள பக்டீரியா. டி கலங்கள் அதைக் கற்று அந்த இடத்தைச் சூழும்போது, சில கிழமைகள் கழித்துச் சிறு கட்டி எழும்பி, உடைந்து, 3 மாதமளவில் தழும்பாகும். மருந்து பூசாமல், பிதுக்காமல் விட்டுவிடுங்கள். தழும்பு விழாவிட்டால் மிஸ்ஸியிடம் காட்டுங்கள்.

பிசிஜி சிறு பிள்ளைகளை மூளைக்காய்ச்சல் வகைக் கடும் காசநோயிலிருந்து நன்றாகக் காக்கும். வளர்ந்தவர்களின் சுவாசப்பைக் காசநோயைத் தடுப்பதில் அது பலவீனம். ‘சின்னதிலேயே ஊசி போட்டாச்சு’ என்று 2 கிழமைக்கு மேற்பட்ட இருமலை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

விசர்நாய் கடிச்சா ஊசியும் போடுறாங்க, சீரமும் போடுறாங்க. ரெண்டும் எதுக்கு?

நாள் கணக்கு உயிர்க் கணக்காக மாறும் இடம் இது. விசர்நாய் வைரசு கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளையை நோக்கி நகரும். நோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது. தடுப்பூசி உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும். ஆனால் பிறபொருளெதிரி போதிய அளவு வர 7 நாளுக்கு மேல் செல்லும். அந்த இடைவெளியை அடைக்க, வேறு ஒருவரின் அல்லது குதிரையின் குருதியிலிருந்து எடுத்த ஆயத்தப் பிறபொருளெதிரியைக் கடிவாயிலேயே செலுத்துகிறார்கள். அதுதான் சீரம். அது இரவல், சில கிழமைகளில் கரைந்துவிடும். அதற்குள் சொந்தக் காவல் தயாராகிவிடும். முதல் ஊசிக்கு 7 நாள் கழித்துச் சீரம் கொடுப்பதில்லை. அதற்குள் உடம்பே செய்யத் தொடங்கியிருக்கும். வெளியிலிருந்து வந்தது அதைக் குழப்பும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கடிவாயைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். பீலித் தண்ணீர் போதும். சவர்க்காரம் வைரசின் கொழுப்பு உறையைக் கரைத்துவிடும். குட்டிநாய் கடித்தாலும், தோல் லேசாகக் கீறினாலும் காட்டவேண்டும். முதல் ஊசியோடு நிறுத்துவது ஆபத்து. சொன்ன திகதிகளில் எல்லா ஊசியும் போடவேண்டும்.

போன வருஷம் குளவி கொட்டி ஒண்ணும் ஆகல. இந்தத் தடவை ஒரே ஒரு குளவி கொட்டி மயங்கிட்டாங்க. எப்படி?

கற்ற காவல் தவறாகக் கற்றதன் விளைவு. முதல் கொட்டில் சிலருடைய உடம்பு குளவி நஞ்சுக்கு ஐஜிஈ என்ற வகைப் பிறபொருளெதிரியைச் செய்து, மாஸ்ட் கலங்களின்மேல் பொருத்தி வைத்துவிடும். அப்போது வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த கொட்டில் அந்தக் கலங்கள் உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டும். குருதிக்குழாய்கள் விரிந்து அழுத்தம் விழும், தொண்டை வீங்கும், மூச்சு இழுக்கும். இது சில நிமிடங்களில் நடக்கும். அட்ரினலின் ஊசிதான் மருந்து, வளர்ந்தவருக்கு 0.5 மில்லிகிராம் தொடையின் வெளிப்புறத் தசையில் வைத்தியர்கள் போடுவார்கள். பிரிட்டோன் என்ற ஒவ்வாமை மாத்திரை மட்டும் கொடுத்து வீட்டில் வைத்திருப்பது போதாது. ஊசியில் தெளிந்தாலும் சில மணித்தியாலம் கழித்து மீண்டும் வரலாம் என்பதால் வைத்தியசாலையில் வைத்துப் பார்ப்பார்கள்.

கூடு கலைந்து நூற்றுக்கணக்கில் கொட்டுவது வேறு விடயம். அங்கே நஞ்சின் அளவே தசையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒவ்வாமை இல்லாதவருக்கும் ஆபத்து. கொட்டு பட்டவரைப் படுத்த நிலையில், கால்களைச் சற்று உயர்த்தி வண்டியில் ஏற்றுங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரவிடுங்கள். தேனீயின் கொடுக்கு தோலில் நின்றால் உடனே எடுத்துவிடுங்கள். எப்படி எடுப்பது என்று யோசித்து நிற்கும் நேரத்தில் நஞ்சு இறங்கிக்கொண்டிருக்கும். முன்பு ஒருமுறை உடம்பெல்லாம் தடித்தவர், கூடு உள்ள மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகாதிருக்க உதவும்படி வைத்தியரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு தரம் அம்மை போட்டா மறுபடி வராதுங்கறாங்க. சில நோய் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருது?

கொப்புளிப்பான் வைரசு அதிகம் மாறாது; ஒருமுறை கற்ற நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் போதும். ஆனால் அந்த வைரசு உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, முதுமையில் டி கலங்கள் தளரும்போது அக்கியாக வெளியே வரும். இன்புளுவென்சா வேறு மாதிரி: அது தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கும், பழைய நினைவு பொருந்தாது. எலிக்காய்ச்சல் கிருமியிலும் பல வகை உண்டு. ஒன்றுக்குக் கிடைத்த காவல் மற்றதைத் தடுக்காது.

ஏற்புவலி எல்லாவற்றிலும் விசித்திரம். வந்து பிழைத்தவருக்கும் அது மறுபடி வரலாம். அதன் நஞ்சு அவ்வளவு கொடியது. ஆளைக் கொல்லும் அளவுகூட உடம்பு கற்பதற்குப் போதாது. அதனால் குணமானவருக்கும் தடுப்பூசி போடுகிறார்கள்.

இரத்த ரிப்போர்ட்ல நியூட்ரோபில், லிம்போசைட்னு எழுதியிருக்கே, அதை எப்படிப் பார்க்கிறது?

வெண்குழியங்களின் மொத்தம் வளர்ந்தவருக்கு ஒரு மைக்ரோலீற்றரில் சுமார் 4,000 முதல் 11,000 வரை. நியூட்ரோபில் 40 முதல் 75 வீதம், லிம்போசைட் என்ற நிணநீர்க்குழியம் 20 முதல் 45 வீதம். மொத்தமும் நியூட்ரோபிலும் கூடினால் பக்டீரியா தொற்றுப் பக்கம் சாயும். மொத்தம் குறைந்தால் டெங்கு போன்ற வைரசுப் பக்கம். ஈசினோபில் என்ற வெண்குழியம் கூடினால் குடற்புழு அல்லது ஒவ்வாமை. சிறு பிள்ளைகளுக்கு லிம்போசைட் கூடுதலாக இருப்பதே இயல்பு, வளர்ந்தவர் அளவோடு ஒப்பிட வேண்டாம். எண்ணை மட்டும் பார்த்து கடையில் அன்டிபயோட்டிக் வாங்காதீர்கள். அது பக்டீரியாவை மட்டும் கொல்லும் மருந்து. உடம்பு செய்யும் பிறபொருளெதிரிக்கு மாற்று ஆகாது.

கொத்தமல்லி அவிச்ச தண்ணி, இஞ்சி, டொனிக்... எது எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்?

கொத்தமல்லித் தண்ணீர் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். குடிக்கலாம். அது வெண்குழியங்களைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. தேவைக்கு மேல் தூண்டுவதும் நல்லதல்ல. குளவிக் கேள்வியில் சொன்ன மயக்கம் தூண்டல் மிஞ்சியதுதான்.

உண்மையான குறை தட்டில் இருக்கிறது. பிறபொருளெதிரி ஒரு புரதம். கணுவில் கலங்கள் பெருகப் புரதமும் இரும்பும் சிங்கும் வேண்டும். குடலும் மூச்சுக்குழாயும் சுவராக நிற்க விற்றமின் ஏ வேண்டும். 2016 இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தார். நாடளாவிய அளவு நூற்றுக்குச் சுமார் 17. ரொட்டியும் சம்பலும் பசியை ஆற்றும், கலத்தைக் கட்டாது. பருப்பு, நெத்தலி, முட்டை, கடலை, லயத்தோரக் கீரை ஆகியவற்றில் ஏதாவது இரண்டு தினமும் பிள்ளையின் தட்டில் விழவேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமா அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் உரியது. வீடு முழுக்கப் பகிர்ந்தால் யாருக்கும் போதாது. உணவோடு சாயத் தண்ணீர் குடிப்பது கீரை, பருப்பிலுள்ள இரும்பைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

சின்னமுத்து வந்து போனா உடம்பு திடமாகும்னு பாட்டி சொல்றாங்க. ஊசி போடாம விடலாமா?

பாட்டி காலத்தில் பிழைத்தவர்கள்தான் அதைச் சொல்ல மிஞ்சினார்கள். சின்னமுத்து வைரசு நினைவுக் கலங்களையே தாக்கி அழிக்கும். 2019 இல் வெளியான ஆய்வில், ஊசி போடாத பிள்ளைகள் சின்னமுத்துக்குப் பிறகு, வேறு கிருமிகளுக்கு எதிராக முன்பே பெற்றிருந்த பிறபொருளெதிரி வகைகளில் 11 முதல் 73 வீதம்வரை இழந்திருந்தார்கள். கற்றதை மறந்த பிள்ளைக்கு நியூமோனியாவும் வயிற்றோட்டமும் புதிதாக வந்த கிருமிபோலத் தாக்கும். ஊசியிலுள்ள பலவீனமான வைரசு அப்படி அழிப்பதில்லை.

இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019 இல் உறுதிசெய்யப்பட்டது. 2023 இல் நோயாளர்கள் மீண்டும் தோன்றினார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் காவல் இருந்தால்தான் இது பரவாது. 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்எம்ஆர் தவறக்கூடாது.

ஆஸ்துமா இழுப்புக்கு பிரெட்னிசலோன் குடிக்கிறேன். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாமே?

குறைக்கும். அது ஒரு ஸ்டீரொய்ட் மருந்து, அழற்சியை அடக்குவதே அதன் வேலை. 5 நாளுக்குக் கொடுக்கும் மருந்தால் பெரிய பாதிப்பு இல்லை. நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் 2 கிழமைக்கு மேல் எடுத்தால், எம்எம்ஆர் போன்ற உயிருள்ள கிருமி ஊசிகளைத் தள்ளிவைக்க வேண்டும்; காசநோய் உறக்கத்திலிருந்து எழவும் கூடும். கிழமைக்கணக்கில் குடித்தவர் திடீரென்று நிறுத்தக்கூடாது. இழுக்கும் பம்பில் உள்ளது மிகச் சிறிய அளவு, அதற்குப் பயப்பட வேண்டாம். பெயர் எழுதாத பொட்டலத்தில் மூட்டுவலிக்கு விற்கும் மாத்திரைகளில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம். அதைக் குடித்திருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

கொழும்புல வேலை செய்யுற தம்பிக்குப் போன வருஷம் டெங்கு வந்துச்சு. இனி வந்தாலும் லேசாத்தானே இருக்கும்?

மாறாகவும் நடக்கலாம். டெங்குவில் நான்கு வகை வைரசு. முதலில் வந்த வகைக்கு நீண்டகாலக் காவல் கிடைக்கும். மற்ற மூன்றுக்கும் சில மாதங்களே பாதுகாப்பு நீடிக்கும். பிறகு வேறு வகை புகுந்தால், பழைய பிறபொருளெதிரி அதனோடு அரைகுறையாக ஒட்டும். கொல்லும் அளவுக்கு இறுக்கம் இருக்காது. ஆனால் பிறபொருளெதிரி ஒட்டியதை விழுங்குவது பெருந்தின்குழியத்தின் வழக்கம். அதனால் வைரசு, தான் பெருகுவதற்கு ஏற்ற கலத்துக்குள்ளேயே தூக்கிச் செல்லப்படுகிறது. குருதிக்குழாய்கள் கசிந்து அதிர்ச்சிநிலை வருவது இரண்டாம் தடவையில்தான் கூடுதல்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், கொழும்பிலிருந்து வந்த நாளையும் முன்பு டெங்கு வந்ததையும் சொல்லுங்கள். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் சோதிக்க வேண்டும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் கசிவு தொடங்கும். விடாத வாந்தி, வயிற்றுவலி, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைவு இருந்தால் இரவென்றும் பார்க்காமல் புறப்படுங்கள்.

இதுவரை பார்க்காத கிருமிக்கே நம்ம உடம்புல பொருந்துற கலம் எப்படி முன்னாடியே இருக்கு, டீச்சர்? 

பி கலமும் டி கலமும் உருவாகும்போது சில மரபணுத் துண்டுகளை வெட்டிக் கலைத்து, தற்செயலாகக் கோத்துக்கொள்கின்றன. சில நூறு துண்டுகளிலிருந்து கோடிக்கணக்கான வடிவங்கள் பிறக்கும். எந்தக் கிருமி வரும் என்று உடம்புக்குத் தெரியாது. எல்லாவற்றையும் செய்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறது. பி கலங்களில் இதைக் கண்டறிந்த சுசுமு தொனெகாவாவுக்கு 1987 இல் நோபல் பரிசு கிடைத்தது.

தற்செயலாகச் செய்வதால் நம் சொந்தத் தசைக்கே பொருந்தும் கலங்களும் பிறக்கும். டி கலங்களைப் பொறுத்தவரை, தைமஸ் சுரப்பி அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். தப்பியவற்றை அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் என்று தனிப் பிரிவு இருக்கிறது. அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2025 இல் நோபல் கிடைத்தது.

தொண்டை நோவு வந்த பிள்ளைக்கு இப்போ இருதயத்துல கோளாறு, மாசாமாசம் ஊசி போடணும்ங்கறாங்க. தொண்டைக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

முந்தைய பதிலில் சொன்ன அடக்கம் சில பிள்ளைகளில் தவறும் இடம் இது. தொண்டையில் வந்தது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா. அதன் மேலுறைத் துண்டு ஒன்று இருதய வால்வின் புரதத்தைப் போலவே இருக்கும். கிருமிக்கென்று கற்ற காவல், தொண்டை நோவு ஆறி 2, 3 கிழமைக்குப் பிறகு, வால்வையும் மூட்டையும் தாக்கும். மூட்டு வீக்கம் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்காலுக்குத் தாவும், அது போய்விடும். வால்வில் விழும் வடு நிலைக்கும்.

மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி வால்வைத் திருத்தாது. அதே பக்டீரியா மறுபடி தொண்டைக்கு வராமல் தடுக்கும். மறுபடி வந்தால், ‘ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்’ என்ற கேள்வியில் சொன்னபடி நினைவுக் கலங்கள் முன்பைவிட வேகமாக எழும். அந்த வேகம் இப்போது வால்வின்மேல் விழும். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறது என்று ஊசியை விட்டுவிடுவதுதான் நாம் அடிக்கடி காணும் தவறு. எத்தனை வருடம் போடவேண்டும் என்பதை வால்வின் நிலையைப் பார்த்து இருதய கிளினிக்கில் முடிவுசெய்வார்கள். அதுவரை அடுத்த ஊசித் திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு, அந்த நாளில் சம்பளமா, திருவிழாவா, மழையா என்று பாராமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.